பின்னறைக்குப் போன வைஃபை

என் தங்கை குழந்தை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருந்தார். மகளை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். அன்று மதியம் போன் செய்தார்.

“மச்சான், சாயங்காலம் வண்டி மலைக்காட்டுக்குள்ள போவுதுங்க. அங்க டவரே கெடையாது. வெளிய வர எத்தன நாளாவுமோ. அதுக்குள்ள புள்ளைய ஒருக்கா வீடியோ கால்ல காட்டிருங்க.”

என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். வைஃபை பெட்டி முன்பக்கத்துப் புது வீட்டில் இருக்கிறது. பின்னறையோ பழைய கருங்கல் கட்டு, செல்போன் டவரும் எடுக்காது, வைஃபையும் எட்டாது. “புள்ளைய முன்னால தூக்கிட்டு வாரேன்” என்றதும் அம்மா சீறினார்.

“தீட்டுக் கழியாம புள்ள வாசப்படி தாண்டறதா? நல்லாருக்குது உன்ற நாயம்!”

“சரி, வைஃபை உள்ள போலாமில்ல?”

“போவட்டும். செருப்பக் கழட்டிட்டுப் போவச் சொல்லு.”

கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பைக்கில் பறந்துபோய், வைஃபையைத் தூரத்துக்கு இழுத்துக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். நேராகப் பின்னறையில் மாட்டினேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. வெளியே வந்து கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “ஏனுங்க, சிக்னலே வராத எடத்துல வெச்சா அது எதைங்க இழுத்துக் குடுக்கும்? நடுவால வைங்க” என்றார். அதுவும் சரிதான்.

முன்வீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள நடையில் ஸ்டூல் போட்டு, ஒயர் இழுத்து வைத்தேன். பச்சை விளக்கு! பின்னறையில் போனைப் பார்த்தால் மூன்று கோடும் நிறைந்திருந்தது. தங்கை குழந்தைக்குப் பொட்டு வைத்து முடிப்பதற்குள் மூன்று கோடும் போய்விட்டன. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெட்டியைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிடும் ஆத்திரத்தோடு நடைக்கு ஓடினேன்.

ஸ்டூல் மேல் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் எவர்சில்வர் அன்னக்கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தது. பால், மாவு, மருந்து, எதையும் மூடி வைக்காவிட்டால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது.

“அம்மா! ஏம்மா இப்படிப் பண்ற?”

“பல்லி உழுந்துட்டா என்னடா பண்ணுவ?”

அன்னக்கூடையைப் பிடுங்கினேன். பின்னறைக்கு ஓடிப் பார்த்தால் கோடுகள் திரும்பி வந்திருந்தன. போன் போட்டதும் முதல் மணியிலேயே மாப்பிள்ளை எடுத்தார். முகமெல்லாம் மண். பின்னால் ரிக்கில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, “சாமி...” என்றார். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அங்கே ஒரே கூச்சல்.

கல்யாணம் ஆனதிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்றே மருமகனிடம் பேசி வந்த அம்மா, என் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டார்.

“மூக்கப் பாருங்க மாப்பளைங்க, அப்பிடியே உங்க மூக்குங்க!”

மாப்பிள்ளை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

“பாத்துட்டேனுங்க அத்த” என்றார். “இனி எந்தக் காட்டுக்கு வேணா போலாங்க.”