அடிச்சோமா, அடிச்சேனா

பஸ் டிப்போவுக்கு எதிரே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவளை அந்தத் தெருவில் எல்லோரும் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்தைந்து. மெஷினும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். மெஷின் நின்ற பிறகும் வாய் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும் என்று பஸ் டிரைவரான அவள் கணவர் சொல்வார். அதையும் அவள் காதுக்கு எட்டாத இடத்தில் இருந்துதான் சொல்வார்.

ஒரு நாள் காலையில் நாடகக் குழுவின் டைரக்டரம்மா நாற்பது மீட்டர் கறுப்புத் துணியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மேடைக்குத் திரை தைக்க வேண்டுமாம். என்ன நாடகம் என்று அக்கா கேட்டாள். இது எழுதின நாடகம் இல்லை, நடந்ததைப் பார்த்தவர்களிடம் போய் ரெக்கார்டரை வைத்துப் பேசச் சொல்வோம், அவர்கள் சொன்னதை அப்படியே நடிகர்கள் மேடையில் சொல்வார்கள், நடுவில் இருமினால் இருமல்கூட வரும் என்றாள் டைரக்டரம்மா. விஷயம், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் சோப்பு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் நடந்த பம்ப் ரூம் கலவரம். கேட்டும் கிடைக்காத நியாயத்துக்குக் கை ஓங்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி.

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கூட்டத்துல நானும்தான் இருந்தேன்" என்றாள்.

டைரக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். மறுநாளே ரெக்கார்டர் வந்துவிட்டது. அக்கா மெஷினை நிறுத்தாமலேயே மூன்று மணி நேரம் பேசினாள்.

அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. ஃபாக்டரியில் வேலை பார்த்த அண்ணன் வீட்டில் இருந்தாள். தொழிலாளிகள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். நிர்வாகம் குவார்ட்டர்ஸுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டது. நூற்றிருபது வீடுகள். விடியற்காலையில் பின்பக்கக் குழாயில் நூல்போல ஒரு பத்து நிமிஷம் வரும், அவ்வளவுதான். மூன்று முறை மனு கொடுத்தார்கள். மூன்றாவது மனுவைக் கொடுக்கப் போனபோது மேனேஜர் பங்களாவில் புல்தரைக்குத் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தை வாந்தி பேதியில் போய்விட்டது. பதினோராம் நாள் பெண்களெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போனார்கள். பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்த பம்ப் ஆபரேட்டர் வால்வுச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் இரும்புக் கம்பியால் ஓர் அடி விழுந்தது. சக்கரம் சுழன்றது, தண்ணீர் வந்தது. போகிற போக்கில் மேனேஜரின் ஜீப்பும் எரிந்தது.

இதை அக்கா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லிக் கதைக்குப் பளபளப்பு ஏறியிருந்தது. எந்த இடத்தில் கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு வாரம் கழித்து, அவளாக நடிக்கப்போகிற பெண் கடைக்கு வந்தாள். ஈர்க்குச்சிபோல் ஒரு பெண். இவளா நான் என்று அக்காவுக்கு மனசுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. அந்தக் கம்பி விஷயத்தை நீங்க ஏழு தடவை சொல்றீங்க. ஆறு தடவை 'அடிச்சோம்'னு இருக்கு. ஒரு தடவை மட்டும் 'அடிச்சேன்'னு இருக்கு. நான் எதைச் சொல்லட்டும்?"

மெஷின் நின்றது. வாயும் நின்றது.

மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது, நீ உன் காதைப் போய்ச் சுத்தம் பண்ணு என்று அக்கா அவளைத் துரத்தாத குறையாக அனுப்பிவைத்தாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்குத் தையல் ஓடவில்லை. மூன்று இடத்தில் விளிம்பு மடிப்புக் கோணிக்கொண்டு போயிற்று. மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்டயே 'சோம்' 'சோம்'னுதானே சொல்லிட்டிருக்கே" என்றார்.

"கூட்டமாத்தானே போனோம்."

"போனது கூட்டம்தான். கம்பியைப் பிடிச்சது?"

அவள் குழம்புப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மேற்கொண்டு நோண்டவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ட்யூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் கேலி ஒன்றும் பேசாமல் போனதுதான் அவளை என்னவோ செய்தது. திரைகளை ஒப்படைக்கப் போனபோது, ஒத்திகையில் இருந்த ஈர்க்குச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "அடிச்சேன்னே சொல்லு" என்றாள். வேறு எதுவும் பேசாமல் திரையை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய கிடங்கில் நாடகம். இருநூறு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. கணவர் சலவைச் சட்டையில், தானே கதாநாயகன் மாதிரி முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரை மடிப்புக் குலையாமல் விழுகிறதா என்று பார்த்து முடிக்கவே அக்காவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஈர்க்குச்சி மேடைக்கு வந்து வாயைத் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே இழுப்பு, அதே அலட்டல், பேச்சுக்கு நடுவே நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற அதே பழக்கம். "அச்சு அசல்" என்று கணவர் முணுமுணுத்தார். அவர் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அடிச்சேன்" என்று ஈர்க்குச்சி சொன்னபோது கணவர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

அதற்கு அடுத்தபடியாக, பம்ப் ஆபரேட்டரின் வாக்குமூலத்தை வேறொரு நடிகர் சொன்னார். அந்த மனிதரிடமும் ரெக்கார்டர் போயிருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. வால்வைத் திறந்தால் வேலை போய்விடும் என்று நிர்வாகம் அவரை மிரட்டி வைத்திருந்ததாம். ஆனாலும் தினமும் விடியற்காலையில், காவலாளி கண் அசரும் நேரம் பார்த்து, பத்து நிமிஷம் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருக்கிறார். பின்பக்கக் குழாயில் வந்த அந்தத் தண்ணீர் பைப்பில் தேங்கி நின்ற மிச்சம் என்றுதான் குவார்ட்டர்ஸே நினைத்திருந்தது. அடிபட்ட மணிக்கட்டு எலும்பு கோணலாகவே கூடிவிட்டதால், அவரால் அப்புறம் நேராக ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை.

அக்கா தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் டைரக்டரம்மா மேடையின் ஓரத்துக்கு வந்தாள். அன்றைக்கு அடித்ததும் எரித்ததும் நியாயம்தான் என்பவர்கள் இடது பக்கச் சுவரோரம், நியாயமில்லை என்பவர்கள் வலது பக்கச் சுவரோரம் போய் நிற்க வேண்டும் என்றாள். நாற்காலிகள் கடகடத்தன. ஒரு லெக்சரர் இடது பக்கம் போய் வரலாற்றையே கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்தினார். வலது பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ், எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவள் நான், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் என்றாள். கணவர் இடது பக்கம் போய், வாதம் சூடானதும் வலது பக்கம் தாவி, ஒரு வழியாக வாசல் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி அக்கா. மூன்று வரிசை தள்ளி இன்னொருவர், எழுபதை நெருங்குகிற மனிதர். வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்தப் பக்கமும் போகலையாண்ணே?"

"முழங்கால் வலிம்மா. நாளைக்குச் சொல்றேன்னா விடுவாங்களான்னு பாக்குறேன்."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "உங்க கையில அடிச்சது நான்தாண்ணே."

"தெரியும். நேருக்கு நேராத்தானே நின்னீங்க."

"போலீஸ் கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்குப் பின்னாடியே என் வீட்டுக்காரி நின்னுக்கிட்டிருந்தா. உங்களைச் சொன்னா அவளையும் சொல்லணும்." அவர் சிரித்தார். "ரெண்டு மாசம் அவதான் எனக்குச் சோறு ஊட்டுனா. ஊட்டும்போதெல்லாம் 'அப்பவே திறந்து தொலைச்சிருக்கலாம்ல'ன்னு சொல்லிட்டேதான் ஊட்டுனா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"பூட்டை உடைச்சது தப்பில்லண்ணே. இன்னைக்குன்னாலும் உடைப்பேன். உங்களை அடிச்சது தப்பு. அதுக்கு என்னை மன்னிச்சுடுங்க. இத்தனை வருஷமா ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வச்சுட்டேன்."

"நானும் பகல்ல திறந்திருக்கலாம்" என்றார் அவர். "பயந்துட்டேன். அதை அந்த ரெக்கார்டர்ல சொல்லலை."

டைரக்டரம்மா அவர்களைப் பார்த்துவிட்டாள். நீங்கள் இருவரும் எந்தப் பக்கம் என்று மேடையிலிருந்து கேட்டாள். அக்கா எழுந்து, வியாபாரத்தில் கறாராகப் பேசுகிற குரலில், ரெண்டு கேள்வியை ஒரே கேள்வியாகத் தைத்து வைத்திருக்கிறாய், முதலில் அதைப் பிரி என்றாள். பூட்டுக்குத் தனியாக ஆளை நிறுத்து, கைக்குத் தனியாக நிறுத்து, ஜீப்பை வேண்டுமானால் மூன்றாவதாக வைத்துக்கொள் என்றாள். கிடங்கு சிரித்தது. அதற்குப் பிறகு நாடகம் போட்ட பதினோரு தடவையும் டைரக்டரம்மா அப்படியேதான் கேட்டாள். பூட்டு என்றால் கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும். கை என்று வந்தால் பலர் நடுவழியில் நின்றுவிடுவார்கள்.

ஆபரேட்டர் பயந்த கதையைப் புதிதாகப் பேசிக் கொடுத்தார். அதுவும் நாடகத்தில் சேர்ந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கர்ட்டன் தைக்கக் கடைக்கு வந்தார். ஜன்னல் அளவைச் சொல்லும் முன்பே சண்டைக்கு நின்றார். பூட்டை உடைத்தது தானாம், நாடகத்தில் யார் யாருக்கோ அந்தப் பெயர் போயிருக்கிறதாம். முதல் அடி வேண்டுமானால் நீங்கள் போட்டிருக்கலாம், பூட்டு திறந்தது என் அடியில்தான் என்றாள் அக்கா. இருவரும் இரண்டு கப் டீ குடித்து, ஒரு முடிவுக்கும் வராமல், டைரக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார்கள்.