பதினோரு பகுதிகளில் ஓர் இரைச்சல்

நான் எழுதுவது மாயக் கதைகள். பதினெட்டு வயதில் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போனேன். முதல் நாவலை முடித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. மக்கள் தங்கள் நிழலை அரசனுக்கு வரியாகக் கட்டும் ஒரு நாடு. வீடு வீடாகப் போய் அந்த நிழல்களைப் பாய் போலச் சுருட்டி வாங்கிவரும் ஒரு தண்டல்காரி. அவளுடைய கதைதான் அது. தறி ஓடும்போது மனசுக்குள் வாக்கியம் சேர்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் மறப்பதற்குள் செல்போனில் தட்டிவிடுவேன்.

சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பாளர் அதைப் புத்தகமாகப் போட்டார். அறிமுகக் கூட்டத்துக்குப் பேச வந்தவர், "தறி ஓட்டறவர் தறியைப் பத்தி எழுதாம, ராஜா கதை எழுதியிருக்கார்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த வருஷ மழையில் பதிப்பாளர் வீட்டு மாடியில் தண்ணீர் இறங்கி, கட்டுக்கட்டாகக் கிடந்த பிரதிகள் ஊறிப்போயின. அத்தோடு புத்தகத்தின் ஆயுள் முடிந்தது.

கதையைக் குரலில் சொல்லச் சொன்னது என் கூடத் தறி ஓட்டிய ஒருவர். போர்வெல் வண்டியில் வேலை கிடைத்து வடக்கே போயிருந்தார். "படிக்கறதுக்கெல்லாம் நேரமில்லீங்க. நீங்களே படிச்சு அனுப்புங்க, காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறோம்" என்று போனில் சொன்னார். முதல் நாவலையே பகுதி பகுதியாகப் படித்துப் போட்டேன்; அப்படித்தான் பாட்காஸ்ட் ஆரம்பமானது. அவர் வண்டி ஆட்கள் கேட்டார்கள், அவர்கள் சொல்லி வேறு வண்டிக்காரர்கள், அப்புறம் லாரி ஓட்டுகிறவர்கள். வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்கள்கூடக் கேட்பதாக எழுதினார்கள். புத்தகத்துக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. இப்போது தண்டல்காரிக்கு ஒரு நியாயம் கிடைக்குமா என்று ராஜஸ்தானிலிருந்து ஒருவர் கேட்டார். அவள் கதையையே தொடர்ந்து, இரண்டாவது நாவலை முழுக்க முழுக்கக் குரலுக்கென்றே எழுதத் தொடங்கினேன். வாரம் ஒரு பகுதி.

எங்கள் தெருவில் நாலு பக்கமும் தறி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓடாது. ஞாயிறு காலையில் ஜன்னலுக்குக் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பேசுவேன். முடித்ததும் என் மனைவி இயர்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்பாள். அவளும் அதே பட்டறையில்தான் வேலை, தார் சுற்றுவது. தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் மிஷினில் சுற்றித் தர வேண்டும். அந்த மிஷினுக்கும் சத்தம் குறைவில்லை. ராஜா மந்திரி கதையெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் பதிவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பாள், ஏனென்றால் எனக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஈரோட்டில் டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, "தறிச் சத்தம்தான். போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்திக்குங்க" என்றார். வேறு வேலை பார்க்க முடியுமா என்று கேட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது மனைவி என் காதருகே வந்து, "உங்க கதைக்கு நான் காது குடுக்கறனுங்க" என்றாள். அதிலிருந்து அவள் நல்லாருக்குது என்று சொன்னால்தான் ஒரு பகுதி வெளியே போகும்.

புது மைக் ஒன்று வாங்கினேன். போன் பேட்டரி நிற்காததால் சார்ஜரைச் செருகியபடியே பதிவு செய்தேன். சில வாரம் கழித்து, "சவுண்ட் சரியில்ல" என்று ஒருவர் எழுதினார். குரல் பத்தவில்லை போலிருக்கிறது என்று அடுத்த பகுதியில் கத்திப் பேசினேன். கேட்கிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். கதை இழுக்கிறதோ என்று இரண்டு அத்தியாயங்களையே வெட்டினேன். "எப்படி இருக்குது புள்ள?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்பாள்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்தவர். அவருக்குப் பார்வை கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் போன் செய்தார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஆமாங்க… சரிங்க… சொல்றனுங்க" என்று பேசிவிட்டு வைத்தாள். "என்னவாம்?" என்றேன். "கதை நல்லாருக்குதாமுங்க" என்றாள்.

சாயங்காலம் அந்த ஆசிரியையிடமிருந்து, போனில் வாயால் சொல்லி எழுத்தாக்கிய செய்தி ஒன்று வந்தது. "வணக்கம் சார். மதியம் நான் சொன்னது உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். கடைசிப் பதினோரு பகுதிகளிலும் உங்கள் குரலுக்கு மேல் ஒரு இரைச்சல் ஓடுகிறது. கேட்டால் தலைவலி வருகிறது. இதை உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா என்று கேட்டேன். உங்கள் வீட்டு அம்மா ‘ஆமாங்க, சரிங்க’ என்று மட்டும் சொன்னார்கள்."

இரண்டு தடவை படித்தேன். மனைவி அடுப்பருகே எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் வெங்காயம் அரிந்துகொண்டுதான் இருந்தாள். கிட்டே போய்த் தோளைத் தொட்டு, செய்தியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். மெதுவாகப் படித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"தெரியலீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் காது போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்குத்தான் நான் காது குடுக்கறன்னு சொன்னேன். அப்புறம் எனக்கும் இல்லைன்னு எப்படிச் சொல்றதுங்க?"

"அப்ப நல்லாருக்குதுன்னு எதை வெச்சுச் சொன்ன?"

"பேசி முடிச்சதும் உங்க மூஞ்சியப் பாப்பேன். அதுல தெரியும்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதினோரு வாரத்து வேலை போயிற்றே என்ற கோபம். அதை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டேன். முகத்தை வைத்தே படிக்கத் தெரிந்தவள், அதையும் படித்திருப்பாள்.

அடுத்த வாரம் அவளை ஈரோட்டுக்குக் கூட்டிப்போனேன். அதே கண்ணாடி அறை. சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அது அசையவில்லை. ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் ஏதாவது தெரிந்ததோ என்னவோ, உடனே பட்டனை அழுத்தினாள். சோதனை செய்துகொண்டிருந்த பெண் தலையை ஆட்டி, என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினாள். எனக்குப் போனதைவிட அவளுக்கு அதிகம் போயிருந்தது. பட்டறையில் எனக்குக் காது மந்தமானதைக் கவனித்தவர் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. யாரும் என்ன, நானே கவனிக்கவில்லை.

இரைச்சல் சார்ஜரால் வந்தது; அதைக் கழற்றிவிட்டுப் பதினோரு பகுதிகளையும் மறுபடி பேசினேன். ஆசிரியை, வெளியிடும் முன்னால் தனக்கு அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு எழுத்தில் பதில் போடுவார்: இங்கே மைக்கில் மூச்சு விழுகிறது, இந்த இடத்தில் கத்துகிறீர்கள், இது சரி. வேலை சுத்தமாக நடந்தது. கேட்பதை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பி வரவில்லை.

அந்த ஏற்பாட்டை மனைவியிடம் சொன்னபோது, "அப்ப எனக்கு இனி வேலை இல்லீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்கப்புறம் ஞாயிறு காலையில் அவள் அந்த அறைக்கு வருவதில்லை. துணியெடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விடுவாள். நான் கூப்பிட்டதும் இல்லை. கூப்பிட்டு என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாவல் முடிந்தது. கடைசிப் பகுதி வெளியான வாரம் நிறையப் பேர் எழுதினார்கள். தண்டல்காரி செத்ததற்கு அழுததாக ஒரு லாரிக்காரர் எழுதியிருந்தார். அதை மனைவியிடம் காட்டினேன்.

"அவ செத்துட்டாளுங்களா?" என்றாள்.

அவளுக்கு எதுவரை கதை தெரியும் என்று கேட்டேன். ஆற்றங்கரைக் கோட்டைக்குள் தண்டல்காரி நுழைவதுவரை என்றாள். முதல் நாவலின் நடுவில் வருகிற இடம் அது.

எதிரே உட்காரவைத்து, என் உதடு தெரிகிற மாதிரி, கோட்டையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பாதியில் தொண்டை கட்டியது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "போதுமுங்க. நாளைக்கு வேலைக்குப் போவோணும்" என்றாள். இருவரும் இன்னும் அதே பட்டறைக்குத்தான் போகிறோம். மீதிக் கதையை அவள் கேட்கவில்லை. நான் இப்போது மூன்றாவது நாவல் எழுதுகிறேன்.