கையில் கொடுக்காத உப்பு

நேற்று டோர்ட்மண்ட் வீட்டில் மகள் கறி வைத்துக்கொண்டிருந்தாள். உப்புக்குக் கையை நீட்டினாள். நான் போத்தலை மேசையில் வைத்தேன்.

"கையில தந்தா என்னப்பா?"

"சண்டை வரும், பிள்ளை."

"உங்களுக்கு விசர்" என்று சிரித்தாள். விசர்தான், பைத்தியம்தான். இதே விசரால் ஒருமுறை என் வேலையே போகப் பார்த்தது, தெரியுமோ?

அப்போது நான் கொலோனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். சமைக்கிற குசினிக்குத் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மூக்கு நுனியில் கோபம். பெரியவர் என்போம். அவருக்கு அடுத்தவன் லூக், அவனும் பிரெஞ்சுக்காரன். பத்தொன்பது வயதில் கிழங்கு உரிக்க வந்து, மீனுக்கு ஏறி, சோஸுக்கு ஏறி, பதினாறு வருடமாக அவரோடேயே கிடந்தவன்.

பெரியவர் திரும்பிப் பாராமல் கையை மட்டும் நீட்டி "உப்பு!" என்பார். கிண்ணம் கைக்கு வரவேண்டும். முதல் நாளே நான் அதை மேசையில் வைத்தேன். மனுசன் காற்றைத் துழாவிவிட்டுப் போட்டாரே ஒரு சத்தம்! லூக்தான் எனக்காகப் பேசி வேலையைக் காப்பாற்றினான். பிறகு காரணம் கேட்டான். அரைகுறை ஜேர்மனில் நான் விளக்க, விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப நாங்கள் பதினாறு வருசமாச் சண்டை பிடிக்கிறது இதாலதானோ!"

அவன் சொன்னது ஜேர்மனில். எனக்கு எல்லாமே யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும்.

அடுத்த வருடம் பெரியவர் கைபட்ட சோஸெல்லாம் உப்புக் கரிக்கத் தொடங்கியது. மனுசனுக்கு நாக்கில் ருசி தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லூக் கிரீம் ஊற்றிச் சரிசெய்வான். அந்த நேரம் பார்த்து டிரெஸ்டனில் ஒரு உணவகம் அவனைத் தலைமைச் சமையலுக்குக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நான் போனா அந்தாள் ரெண்டு கிழமையில அவமானப்பட்டுப் போவார். நாக்குச் சரியில்லையெண்டு முகத்துக்கு நேர சொல்லவும் ஏலாது" என்றான். அவன் கண் கலங்கியது. "கடவுள் விட்ட வழி" என்று புத்தி சொன்னேன். பெரிய புத்தி!

வெள்ளி மத்தியானம் கை நீண்டது. "உப்பு!"

லூக் கிண்ணத்தை மேசையில் வைத்தான். டிரெஸ்டனையும் நாக்கையும் பற்றி எல்லாவற்றையும் சொல்லத் துணிந்த நாளில் சண்டை வரக்கூடாதென்று நினைத்தானாம். என் விசர் அவனுக்கும் தொற்றியிருந்தது. பெரியவரோ வேறு விதமாக விளங்கிக்கொண்டார்: இனி உப்பைத் தன் கையில் நம்பித் தரமாட்டான் என்று. திரும்பிக் கிண்ணத்தையும் அவனையும் பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

லூக் தலையாட்டினான்.

"எத்தினை மாசமாத் திருத்திறாய்?"

"நாலு."

கோப்பை பறக்கப்போகிறதென்று நான் குனிந்தே விட்டேன். பறக்கவில்லை. பெரியவர் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"இனி உப்பு நீ போடு. குசினி உன்ர. நான் இவனோட மரக்கறி வெட்டுறன்."

'இவன்' நான்தான். லூக் டிரெஸ்டனுக்குப் போகவில்லை. பெரியவர் இரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று கரட் வெட்டினார், என்னைவிட மெதுவாக. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும்தான். உணவகம் இன்றும் லூக்கின் கையில் அமோகமாக ஓடுகிறது. அவனிடம் வேலை பழகிய இரண்டு பேர் சொந்தமாகவே உணவகம் திறந்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு மத்தியானமும் லூக் கரண்டியில் சோஸ் கொண்டுவருவான். "செஃப், உப்புக் காணுமோ, போதுமோ?" பெரியவர் கண்ணை மூடி ருசிப்பார். அவருக்கு ருசி ஒன்றும் தெரியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "காணும்" என்பார். அவர் செத்தபின் லூக் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.