பேர் தெரியாத பையன்

மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் செத்த போலந்து வீரர்களைப் புதைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா ஒரு கல்லைத் துடைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, சொந்தக்காரங்களான்னு கேளு” என்றேன்.

மகள் கேட்டுச் சொன்னாள்: “இல்லையாம்மா. இங்க புதைச்ச பையனோட அம்மாவால போலந்துலேர்ந்து ஒருதரம்கூட வர முடியலையாம். அதான் இவிய வாராவளாம்.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன வருஷம் கோவில்பட்டியில் எங்கள் தெருப்பக்கம் தங்கி மில் வேலைக்குப் போன பீகார் பையன் காய்ச்சலில் செத்தான். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. “நம்ம சுடுகாட்டுல எதுக்கு?” என்று முதலில் சொன்னவள் நான்தான். கடைசியில் ஓடைக்கரையில் புதைத்தார்கள்.

திரும்பி வந்த மறுநாளே அங்கே போனேன். மண்மேட்டில் முளைத்திருந்த சீமைக்கருவேலங்கன்றைப் பிடுங்கிவிட்டு, சேவந்திப் பூ வைத்தேன். மன்னிச்சிருய்யா என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது: கூப்பிட, அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.