சந்தனம் குடித்த லேப்டாப்

போன வாரம் என் மகளின் லேப்டாப் படுத்துவிட்டது. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் லைட்டே வரவில்லை. ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் திருகாணியைக்கூடத் தொடாமல், "போர்டு போச்சு சார், மாத்திடலாம்" என்றார். நான் சண்டைக்குக் கிளம்பியவன்தான். அதற்குள் பக்கத்து மேசையிலிருந்து ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியது. கோபமெல்லாம் கரைந்து, பகல் தூக்கம்போல ஒன்று வந்து கவிந்துகொண்டது.

அந்தப் புகை எனக்குச் சாம்பிராணி மாதிரி. சிரிக்காதீர்கள், பஷீரும் இப்படித்தான் சிரிப்பான். இரண்டாயிரத்துகளின் கடைசியில் நானும் அவனும் கூட்டாக மிஷன் வீதியில் ஒரு மாடியில் லேப்டாப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் புதுச்சேரியே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும். நாங்கள் மட்டும் செத்த போர்டுகளோடு உட்கார்ந்திருப்போம். ஜன்னல் வழியாகக் கடல் காற்று மெல்ல உள்ளே வரும். அது எங்களுக்குப் பெரிய ஒத்தாசை. எங்களால் முடியாத போர்டுக்கெல்லாம், "கடல் காத்து சார், உப்பு அரிச்சிடுச்சு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். வாசல் கேட்டே அரித்துப்போன ஊரில் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்?

அங்கேதான் அந்துவான் வந்தார். உப்பளம் பேட்டையில் தச்சு வேலை செய்பவர். காது கேட்காது, பேச்சும் வராது. மனைவி இறந்து வெகுகாலம். ஒரே மகன் பிரான்சில். அவன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில், சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அப்பாவும் மகனும் கேமரா முன்னால் உட்கார்ந்து கையாலேயே பேசிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு போன் இருந்தது, அவருக்கு இது ஒன்றுதான். ஃபேன் சத்தம் போடுகிறது என்று கண்டுபிடித்தவனும் மகன்தான், அங்கிருந்தபடியே. சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "ஃபேன் சுத்தம் செய்யவும். சனிக்கிழமைக்குள் வேண்டும்."

சுத்தம் செய்தேன், ஜோராக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஆயுத பூஜை. எனக்கு பக்தி பொங்கிவிட்டது. மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாவற்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம். கஸ்டமர் சாமான்களையும் விடவில்லை. அவருடைய லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். அதன் காற்றுத் துளை ஓரமாகத் தாராளமாக மூன்று பொட்டு வைத்தேன். பஷீர் பொரிகடலையைக் கொறித்தபடி, "போதும்டா, கல்யாண மாப்ளைக்குக்கூட இவ்ளோ வைக்க மாட்டாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் அது செத்துக் கிடந்தது. போர்டைக் கழற்றி பவர் சப்ளையில் மாட்டினால் கரண்ட் எகிறுகிறது. எங்கேயோ ஷார்ட். பஷீரிடம் ஒரு வித்தை உண்டு. போர்டு முழுக்க ஸ்பிரிட் தடவி, கொஞ்சமாக வோல்ட் விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஷார்ட்டான இடம் சூடாகி, அங்கே ஈரம் முதலில் காயும். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். மழை விட்ட வயல்போலப் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது போர்டு. ஒரு மூலையில் கடுகளவு கெபாசிட்டர் மட்டும் காய்ந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கறை. பஷீர் மோந்து பார்த்தான்.

"சந்தனம்டா மாப்ள! சாமி கும்பிட்டே சாவடிச்சிருக்க."

அந்த நேரம் பார்த்து அந்துவான் படியேறி வந்துவிட்டார். மேசையில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார்: "நாளைக்கு மகன் வருவானா?"

கடல் காற்று என்று எழுதத்தான் பேனாவை வாங்கினேன். கை ஓடவில்லை. நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் காட்டினேன், அதே விரலால் லேப்டாப்பைத் தொட்டேன், கண்ணை மூடி நாக்கைத் தள்ளினேன், பிறகு என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே முறைத்துப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், நாங்கள் அந்தக் கடுகைப் பிடுங்கி வேறொன்று வைக்கும்வரை நகரவில்லை. லைட் எரிந்ததும் நான் அழுதேவிட்டேன், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் கடையிலேயே உட்கார்ந்து பேசினார். மூன்று மணிக்குத் திரையில் மகன் வந்தான். அப்பா நெற்றியைத் தொட்டு என்னைக் காட்டினார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு அவர்கள் பாஷையில் அதுதான் என் பெயர். கைகள் பறந்துகொண்டே இருந்தன. ஒன்றும் புரியாமல் நானும் பஷீரும் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடை போய்விட்டது. பஷீர் துபாயில் இருக்கிறான். சில வருஷம் கழித்து அந்துவானும் கண்ணை மூடினார். அடக்கத்துக்கு வந்த மகன், பிரான்சுக்குத் திரும்பும் முன் என்னைத் தேடி வந்தான்.

"இது எங்கயும் படிச்ச பாஷை இல்லண்ணே. வீட்டுக்குள்ள அப்பாவும் நானுமா உண்டாக்கிக்கிட்டது. இப்ப அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."

சொல்லும்போது அவன் கைகளும் கூடவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதைக் கவனித்ததும் இரண்டையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.