காற்றை நம்பிப் போன வண்டி

லாரிச் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் பேச்சிமுத்து முதலில் மூக்கைத்தான் அருகே கொண்டுபோவார். கருகல் வாடை அடித்தால் டிரைவருக்கு அன்று அர்ச்சனைதான். "எறக்கத்துல மிதிச்ச காலை எடுக்கவே மாட்டியா அப்பு? லைனிங் பொசுங்கிப் போச்சு பாரு."

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் மாற்றும் கடை அவருடையது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறியோடு கேரள மலைச்சாலைகளில் ஏறி இறங்கும் வண்டிகள்தான் பிழைப்பு. தானே ஒருமுறை ஓட்டி, மிதித்து, நிறுத்திப் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார். நிற்காத வண்டியை வழியனுப்புவது பாவம் என்பார்.

அவருடைய ஒரே மகள் தேவதர்ஷினிக்குப் பெங்களூரில் விண்கல வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்: "செவ்வாய்க்குப் போற கலம்ப்பா. நிறுத்துறதுக்கும் எரிபொருள் ஏத்துனா எடை தாங்காது. அதான் செவ்வாயோட காத்துலயே உரசவிட்டு வேகத்தைக் கொறைக்கிறோம். கொறைஞ்சாத்தான் அதைச் சுத்த ஆரம்பிக்கும்."

"ஆழமாப் போயிட்டா?"

"எரிஞ்சிரும்."

"மேலாப்புல போனா?"

"நிக்காம ஓடியே போயிரும்ப்பா. திரும்பாது."

பேச்சிமுத்துவின் மூக்கில் அப்போதே வாடை ஏறிவிட்டது. "பிரேக் இல்லாத வண்டியவா அனுப்பி வச்சீங்க? கருகித்தான் போகும்!" பட்டென்று சொல்லிவிட்டார். இத்தனை வருட உழைப்பு கருகிப்போகும் என்று பெற்ற தகப்பனே சொல்லிவிட்டாரே எனக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறியவள், பிறகு அவரோடு பேசவே இல்லை. அம்மா சிவனம்மாளோடு மட்டும்தான் பேச்சு.

கலம் செவ்வாயின் காற்றுக்குள் இறங்கும் நாள் இன்று. காலையிலிருந்து பேச்சிமுத்து லைனிங்கில் அடித்த ஒரு ரிவெட்கூட நேராக இறங்கவில்லை.

"காத்தே பிரேக் போடும்னா நீங்க கடைய மூட வேண்டியதுதான்ணே" என்று, லைனிங் மாற்ற வந்திருந்த, விஷயம் தெரிந்த டிரைவர் ரிஃபாத் சீண்டினான். நிமிர்ந்தவரின் கண்களைப் பார்த்ததும் வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மதியம், கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து சிவனம்மாள் செல்போனோடு ஓடிவந்தாள். "ஏங்க, இந்தாங்க. ஒங்ககிட்டத்தான் சொல்லணுமாம்."

"அப்பா..." மகளின் குரல் உடைந்தது. "சுத்த ஆரம்பிச்சிருச்சுப்பா. கருகலைப்பா!"

பேச்சிமுத்துவுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "செத்த நேரம் தூங்குத்தா. சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சாலையோரம் போய் நின்றார். ஒரு லாரி விரைந்து கடந்தது. அதன் காற்று முகத்தில் அறைந்து சட்டையைப் படபடக்க வைத்தது. பேச்சிமுத்து கண்களை மூடி, கிரீஸ் படிந்த இரு கைகளையும் அந்தக் காற்றை நோக்கிக் கூப்பினார்.