வாத்துக்காரருக்குக் காட்டிய ஏரி

உத்திரமேரூரில் எங்கள் தெருவை ஒட்டிய ஓடையை நாங்கள் சுத்தம் செய்து முடித்த கோடையில் அந்த வாத்துக்காரர் வந்தார். மெலிந்த மனிதர். மந்தைக்குப் பின்னால் நடந்தபடி வாத்துகளோடு ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்.

ஓடைக் கோரைகளில் நீர்க்கோழிகள் முட்டையிட்டிருந்தன. அதனால் வாத்துகளை இறக்கக் கூடாது என்று சொல்ல எங்கள் குழு என்னை அனுப்பியது. சொன்னேன்.

“சாக்கடையா இருந்தப்போ எறக்கிக்கினுதான் இருந்தோம் சார். அப்போ யாரும் இன்னான்னு கேக்கல,” என்றார். குரலில் கோபமில்லை. “வெயில் பேஜாரா கீது. வேற எங்க சார் தண்ணி கீது?”

பேச்சு முடிந்தால் போதுமென்று சாலவாக்கம் ரோட்டுப் பக்கம் கை காட்டினேன். “அங்க ஒரு ஏரி இருக்கு.”

“நல்லா இரு சார்,” என்று கும்பிட்டார். அதற்குள் நீரில் இறங்கிவிட்ட ஒரு வாத்தை, கோரை கலையாமல் தானே இறங்கித் தூக்கி வந்தார்.

மாலையில் அந்த வழியாகப் போனேன். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வாத்துக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

“வந்துட்டு இப்பதான் போனாரு. யாரோ தண்ணி கீதுன்னு சொன்னாங்களாம், பாவம்.”

யாரென்று நான் சொல்லவில்லை.